கல்லீரல் மாற்று சிகிச்சை எப்போது தேவை? முடிவெடுக்கும் வரிசை, படிப்படியாக

“ஆபரேஷன் தேவையா, இல்லையா?” கல்லீரல் நோயாளியின் வீட்டார் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாற்று சிகிச்சைக் குழுவிடம் நோயாளியை எப்போது காட்டுவது என்பது ஒன்று. எப்போது ஆபரேஷன் செய்வது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தாமதமாக வந்து சேர்கிறார்கள். “காட்டினாலே வெட்டிவிடுவார்கள்” என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, ஒருநாள் ஐசியூவிலிருந்து ஆம்புலன்சில் வருவார்கள். காட்டுவதால் எந்த நஷ்டமும் இல்லை. பார்த்துவிட்டு “இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று அனுப்பப்படுபவர்கள் ஏராளம்.

நோயாளியின் ஃபைலைக் கையில் வைத்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். அது மகளாக இருக்கலாம், புதிதாக கல்லீரல் வார்டில் சேர்ந்த இளம் டாக்டராகவும் இருக்கலாம். வரிசையை மாற்றாமல் படியுங்கள். பெரும்பாலான தவறுகள் வரிசை மாறுவதால்தான் வருகின்றன.

1. முதலில் ஃபைலை ஒழுங்குபடுத்துங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரிகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பிலிருபின் (காமாலையின் அளவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), சோடியம், அல்புமின் (கல்லீரல் உண்டாக்கும் புரதம்) ஆகிய ஐந்தும் ஒரே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும். போன மாத பிலிருபினையும் நேற்றைய கிரியேட்டினினையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வரும் எண் எந்த நாளின் நிலவரத்தையும் காட்டாது.

கூடவே வேண்டியவை: என்டோஸ்கோபி ரிப்போர்ட், வயிற்று ஸ்கேன், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள், ஆட்டோஇம்யூன் பரிசோதனைகள், வயது குறைந்தவரானால் செருலோபிளாஸ்மின் (வில்சன் நோயைத் தேடும் ரத்தப் பரிசோதனை), கடைசியாக மது அருந்திய தேதி, சாப்பிட்டு வரும் எல்லா மருந்துகளின் பட்டியல். மூலிகைப் பொடி, லேகியம், உடல் எடை கூட்டும் சப்ளிமென்ட் எதையும் விடாதீர்கள். “அது மருந்தில்லையே” என்று வீட்டார் ஒதுக்கிவைத்த டப்பாவில்தான் சில சமயம் நோயின் காரணமே இருக்கும்.

ஐஎன்ஆர் ரிப்போர்ட்டில் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன் பிளாஸ்மா ஏற்றினார்களா? நோயாளி வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறாரா? பிளாஸ்மா ஏற்றினால் எண் குறையும், வார்ஃபரின் சாப்பிட்டால் கூடும். இரண்டிலுமே அந்த எண் கல்லீரலின் நிலையைச் சொல்லாது.

2. திடீர்ச் செயலிழப்பா, நாள்பட்ட நோயா?

இதை இரண்டாவதாக வைக்கக் காரணம், திடீர்ச் செயலிழப்பு என்றால் கீழே உள்ள படிகளுக்கு நேரமே கிடையாது.

முன்பு கல்லீரல் நோயே இல்லாதவருக்கு மஞ்சள் காமாலை வந்து, ஐஎன்ஆர் 1.5-ஐத் தொட்டு, பேச்சிலோ நினைவிலோ சிறு தடுமாற்றம் தெரிந்தால் அன்றைக்கே மாற்று சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். “நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்” என்பது இங்கே ஆபத்து. லேசான குழப்பம் சில மணி நேரத்தில் கோமாவாகலாம். மூளை வீக்கத்தோடு, வென்டிலேட்டரில் இருப்பவரை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது மிகவும் கடினம்.

யாருக்கு மாற்று தேவை என்பதற்குக் கிங்ஸ் காலேஜ் அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பாராசிட்டமால் அளவுக்கு மீறி உட்கொண்டவரானால், நீர்ச்சத்து ஏற்றிய பிறகும் தமனி ரத்தத்தின் பிஹெச் 7.3-க்குக் கீழே இருப்பது போதும். இல்லாவிட்டால் ஐஎன்ஆர் 6.5-க்கு மேல், கிரியேட்டினின் 3.4-க்கு மேல், மூன்றாம் அல்லது நான்காம் நிலை மூளைப் பாதிப்பு மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். பிற காரணங்களில் ஐஎன்ஆர் 6.5-ஐத் தாண்டினால் அதுவே போதும். தாண்டாவிட்டால் இந்த ஐந்தில் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள்: வயது 10-க்குக் கீழ் அல்லது 40-க்கு மேல், மருந்தால் வந்தது அல்லது காரணம் தெரியாத ஹெபடைடிஸ், காமாலை தொடங்கி ஏழு நாளுக்குப் பின் குழப்பம், ஐஎன்ஆர் 3.5-க்கு மேல், பிலிருபின் 17.5-க்கு மேல்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மூவாயிரத்தில் இருந்த எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கூடும் என்சைம்) ஐந்நூறுக்கு இறங்கியதைப் பார்த்து “குணமாகிறது” என்று வீட்டாரிடம் சொல்லிவிடுவார்கள். பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டே இருக்கும்போது எஸ்ஜிபிடி இறங்கினால், உடைவதற்கு இனி செல்களே மிச்சமில்லை என்று பொருள்.

இன்னொன்று: ரத்தக் கசிவே இல்லாத நோயாளிக்கு, எண்ணைச் சரிசெய்வதற்காகவே பிளாஸ்மா ஏற்றுவது. அவர் போகும் திசையைக் காட்டும் ஒரே முள்ளை அது மறைத்துவிடும்.

இளம் வயதில் வில்சன் நோய் (உடலில் தாமிரம் தேங்கும் பரம்பரை நோய்) திடீர்ச் செயலிழப்பாக வெளிப்பட்டு, கூடவே ரத்த அணுக்களும் உடைந்துகொண்டிருந்தால், தாமிரத்தை வெளியேற்றும் மருந்து வேலை செய்யும் வரை நோயாளி தாங்குவது அரிது. குழப்பம் தொடங்கிவிட்டால் மாற்றுதான் வழி.

3. மூல காரணத்தை நிறுத்த முடியுமா?

நாள்பட்ட நோய் என்று முடிவானதும் மெல்ட் ஸ்கோர் (நோயின் தீவிரத்தைக் காட்டும் எண், படி 5-இல் வருகிறது) போட ஓடாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள், ஏனென்றால் காரணத்தை நிறுத்தினால் சிலருக்கு, மாற்றுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்தே பெயரை எடுக்கும் அளவுக்குக் கல்லீரல் தேறுகிறது.

ஹெபடைடிஸ் பி என்றால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் உடனே தொடங்க வேண்டும். வயிற்றில் நீரோடு வந்தவர்கள்கூட சில மாதங்களில் தேறியிருக்கிறார்கள். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்கு ஸ்டீராய்டு, பட்-கியாரி நோயில் அடைபட்ட ரத்தக்குழாயைத் திறப்பது, மதுவால் வந்த நோய்க்கு மதுவை அடியோடு நிறுத்துவது. மதுவை விட்டவர்களில் முன்னேற்றம் வருமானால் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலேயே தெரியத் தொடங்கும்.

ஹெபடைடிஸ் சி கொஞ்சம் சிக்கலானது. மாத்திரையில் வைரஸ் போய்விடும். ஆனால் நோய் மிகவும் முற்றியவருக்கு வைரஸ் போனபின் ஸ்கோர் மட்டும் சில புள்ளிகள் இறங்கி, உடல்நிலை அப்படியே நிற்கும். பட்டியலில் பின்னுக்குப் போய்விடுவார், நோயோ போகாது. ஸ்கோர் 20-ஐ ஒட்டி இருப்பவருக்கு மாற்று முன்னா, மருந்து முன்னா என்பதை மாற்றுக் குழுவோடு பேசியே முடிவு செய்ய வேண்டும்.

“ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான்” என்ற விதியைப் பலரும் கல்லில் செதுக்கிய சட்டமாக நினைக்கிறார்கள். அதன் பயன், கல்லீரல் தானே தேற அவகாசம் தருவதும், நோயாளியின் உறுதியைப் பார்ப்பதும். ஆனால் ஆறு மாதம் உயிரோடு இருக்கவே முடியாதவரிடம் அதைச் சொல்வதில் பொருளில்லை. கடுமையான ஆல்கஹால் ஹெபடைடிஸில் ஸ்டீராய்டு கொடுத்து ஏழாம் நாள் லில்லி ஸ்கோர் பார்ப்பார்கள். 0.45-ஐத் தாண்டினால் மருந்துக்கு மசியவில்லை என்று அர்த்தம். முதல் தடவையாக இந்த நிலைக்கு வந்த, குடும்ப ஆதரவுள்ள, கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஆறு மாதத்துக்குக் காத்திராமல் மாற்று செய்யும் நடைமுறை இருக்கிறது.

காரணத்துக்கு மருந்து ஓடும்போதே மாற்றுக்கான பரிசோதனைகளும் ஓடட்டும். ஒன்று முடிந்து மற்றது என்று வைத்தால், மருந்து பலிக்காத நாளில் கையில் எதுவும் இருக்காது.

4. கல்லீரல் தடுமாறிய முதல் தேதியைக் குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப் போவது) இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவரின் ஆயுள் சராசரியாக 12 ஆண்டுக்கு மேல். வயிற்றில் நீர் கோத்தோ, உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி எடுத்தோ, நினைவு தடுமாறியோ விட்டால், மாற்று இல்லாத நிலையில் அது ஏறத்தாழ 2 ஆண்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இம்மூன்றில் எது முதலில் வந்ததோ அந்தத் தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். மாற்றுக் குழுவிடம் காட்ட வேண்டிய நாள் அதுதான்.

நடப்பது என்ன? நீரை எடுத்துவிட்டு, மாத்திரை எழுதி, “இப்போது சரியாகிவிட்டது” என்று அனுப்பிவிடுகிறார்கள். என்டோஸ்கோபியில் பேண்ட் போட்டு ரத்தம் நின்றதும் வீட்டில் நிம்மதி வந்துவிடுகிறது. நின்றது ரத்தம்தான், நோய் நிற்கவில்லை. ரத்தக் கசிவு மட்டும் வந்து மற்றபடி கல்லீரல் நன்றாக வேலை செய்பவருக்கு உடனே மாற்று தேவைப்படாது என்பது உண்மை. அதைச் சொல்ல வேண்டியது மாற்றுக் குழுவே.

வயிற்று நீர் கண்ணுக்குத் தெரியும், ரத்தம் பயமுறுத்தும். யாரும் கவனிக்காமல் நழுவிப்போவது நினைவுத் தடுமாற்றம். கோமாவில்தான் அது தெரியும் என்று நினைக்காதீர்கள். இரவு முழுதும் விழித்திருந்து பகலில் தூங்குவார். சட்டைப் பட்டனைப் போட வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். செல்போனில் வழக்கமாகப் போடும் கடவுச்சொல்லை மறந்து மூன்று முறை தப்பாக அழுத்துவார். ஒரு வெள்ளைத்தாளில் தினமும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்; நான்கு நாள் கையெழுத்தை அடுத்தடுத்துப் பார்த்தால் கோடு நடுங்கி எழுத்து சிதைவது தெரியும். கைகளை முன்னால் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் படபடவென்று அடிக்கும். ரத்தத்தில் தேங்கி மூளையைக் குழப்பும் அம்மோனியாவை அளக்கும் பரிசோதனையைவிட இவை பயனுள்ளவை.

ஒவ்வொரு முறை தடுமாறும்போதும் தூண்டிவிட்டது எது என்று தேடுங்கள். மலச்சிக்கல், தொற்று, சிறுநீர் மாத்திரை கூடுதல், வலி மாத்திரை. மூட்டு வலிக்குச் சாப்பிட்ட டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கவிழ்த்ததை அடிக்கடி பார்க்கலாம். தூண்டுகோலே இல்லாமல் தடுமாறினால் அது இன்னும் மோசமான அறிகுறி.

வயிற்று நீரில் தொற்று, அதாவது அதில் நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளை அணு) 250-ஐத் தொடுவது, அல்லது கல்லீரலால் சிறுநீரகம் செயலிழப்பது, இரண்டில் எது நடந்தாலும் அவசரம் ஒரு படி கூடிவிட்டது. அப்போது அடுத்த ஓபி தேதிக்குக் காத்திருக்காமல் போன் செய்து பேசுங்கள்.

5. இப்போது மெல்ட் ஸ்கோர் போடுங்கள்

மெல்ட் என்பது அடுத்த மூன்று மாதத்தில் உயிருக்கு உள்ள ஆபத்தைக் கணிக்கும் எண். 6-இலிருந்து 40 வரை போகும். பிலிருபின், ஐஎன்ஆர், கிரியேட்டினின் மூன்றும் அதன் அடிப்படை. சோடியத்தையும் சேர்த்தால் மெல்ட்-சோடியம். பாலினத்தையும் அல்புமினையும் சேர்த்த மெல்ட் 3.0 அமெரிக்காவில் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. கால்குலேட்டர்கள் இணையத்தில் இலவசம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பிலிருபின் 4.2, ஐஎன்ஆர் 1.8, கிரியேட்டினின் 1.0. ஸ்கோர் 18. சோடியம் 128 என்று சேர்த்ததும் அது 25 ஆகிவிடும். சோடியத்தை விட்டுவிட்டு, கிரியேட்டினின் மட்டும் 1-இலிருந்து 2 ஆனதாக வைத்துப் பார்த்தாலும் 18 என்பது 25-தான். “சோடியம் லேசாகக் குறைவு”, “கிரியேட்டினின் கொஞ்சம் ஏற்றம்” என்று ரிப்போர்ட்டில் சாதாரணமாகக் கடந்துபோகும் வரிகளின் எடை இது.

எந்த எண்ணில் என்ன செய்வது? 15-க்குக் கீழே, வேறு காரணம் இல்லாவிட்டால், ஆபரேஷனின் ஆபத்து நோயின் ஆபத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். 15-ஐத் தாண்டினால் மாற்றுக்குப் பட்டியலிடப் பேச வேண்டும். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு 20-29 என்றால் மூன்று மாதத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார். 30-39 என்றால் ஏறத்தாழ பாதிப் பேர்.

ஒரே ஒரு நாளின் ஸ்கோரை வைத்து முடிவெடுக்காதீர்கள். காய்ச்சலோடு வந்த நாளில் 27 காட்டியவர், தொற்று அடங்கியதும் 17-க்கு வருவார். போக்கைப் பாருங்கள். மூன்று மாதமாக 14, 16, 19 என்று ஏறுபவர், ஆறு மாதமாக 20-இலேயே நிற்பவரைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறார்.

6. ஸ்கோர் ஏமாற்றும் இடங்கள்

மெல்ட் நோயாளியின் அவஸ்தையை அளப்பதில்லை. தசை கரைந்துபோன ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கிரியேட்டினின் 0.6, பிலிருபின் 1.8, ஐஎன்ஆர் 1.4. ஸ்கோர் 12, காகிதத்தில் அவசரமே இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கொரு முறை வயிற்றிலிருந்து ஏழு லிட்டர் நீர் எடுக்கிறார்கள், நெற்றியோரம் குழி விழுந்திருக்கிறது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. அவருடைய கிரியேட்டினின் குறைவாக இருப்பது சிறுநீரகம் நன்றாக இருப்பதால் அல்ல, அதை உண்டாக்கத் தசை இல்லாததால். மருந்துக்கு மசியாத வயிற்று நீர் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஓராண்டைத் தாண்டுகிறார்கள். இவருக்குப் பட்டியல் தேவை.

எண் குறைவாக இருந்தாலும் மாற்றைப் பற்றிப் பேச வேண்டிய மற்றவர்கள்: திரும்பத் திரும்ப நினைவு தடுமாறுபவர்கள், பித்தக்குழாய் நோயில் அடிக்கடி தொற்று வந்து காய்ச்சலடிப்பவர்கள், தோலைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு அரிப்பு, எந்த மருந்துக்கும் அடங்காமல் இருப்பவர்கள்.

நுரையீரல் சார்ந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். படுத்திருக்கும்போது சுலபமாக மூச்சு விடுபவர் எழுந்து உட்கார்ந்ததும் மூச்சு வாங்கினால், விரல் ஆக்சிமீட்டரை இரு நிலையிலும் வைத்துப் பாருங்கள். உட்காரும்போது எண் இறங்கினால் ஹெபடோபல்மனரி சிண்ட்ரோமாக (கல்லீரல் நோயால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் விரிந்து ஆக்சிஜன் குறைவது) இருக்கலாம். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போய்விட்டால் மெல்ட் என்னவாக இருந்தாலும் மாற்றுக்கு முன்னுரிமை கேட்கலாம். நுரையீரல் தமனி அழுத்தம் கூடியிருப்பது இதற்கு நேரெதிர். சராசரி அழுத்தம் 35-ஐத் தாண்டினால் முதலில் அதை மருந்தால் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையிலேயே இதயம் நின்றுபோகலாம்.

7. கட்டி இருந்தால் கணக்கு வேறு

சிரோசிஸ் உள்ளவருக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி தெரிந்தால் அளவும் எண்ணிக்கையும் முதலில். 1996-இல் வந்த மிலன் அளவுகோல்தான் இன்றும் அடிப்படை: ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாய்க்குள் பரவக் கூடாது, வெளியே பரவக் கூடாது. இதைத் தாண்டியவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்திச் சுருக்கி, சில மாதம் கவனித்து, அடங்கியிருந்தால் மாற்றுக்குக் கொண்டுபோகிறார்கள்.

மூன்று கட்ட சிடி ஸ்கேனில் கட்டி அதற்கே உரிய முறையில் ஒளிர்ந்து மங்கினால், சிரோசிஸ் உள்ளவருக்கு ஊசி குத்தி பயாப்சி தேவையில்லை. அவசரப்பட்டுக் குத்தினால் ஊசி போன வழியில் புற்று விதைக்கப்படும் ஆபத்து உண்டு. கல்லீரல் நன்றாக இயங்கி, ரத்தக்குழாய் அழுத்தமும் கூடாமல், கட்டி ஒன்றே இருந்தால் வெட்டி எடுப்பதே போதுமா என்று முதலில் கேளுங்கள்.

8. உடம்பு தாங்குமா?

வேறு உறுப்பில் கட்டுப்படாத புற்றுநோய், அடங்காத தொற்று, சரிசெய்ய முடியாத இதய நோய், தொடரும் குடி. இவை இருக்கும் வரை மாற்று இல்லை. வயதுக்கு இரும்புக் கோடு எதுவும் இல்லை. 70-ஐ நெருங்குபவரிடம் இதயத்தையும் நடையையும் கூடுதலாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நான் அதிகம் வாதாடுவது சாப்பாட்டைப் பற்றி. நினைவு தடுமாறும் என்று பயந்து புரதத்தை நிறுத்திவிடுகிறார்கள். தசை கரைகிறது, அம்மோனியாவை ஏற்றுக்கொள்ள இருந்த தசையும் போய் தடுமாற்றம் இன்னும் கூடுகிறது. எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். எடை என்பது நீரைக் கழித்த எடை. இரவு படுக்கும் முன் ஒரு சிற்றுண்டியும் வேண்டும், ஏனென்றால் சிரோசிஸ் உள்ள உடம்பு இரவுப் பட்டினியிலேயே தசையைத் தின்னத் தொடங்கிவிடும்.

9. டோனர் யார் என்பது நேரத்தை மாற்றும்

இறந்தவரின் கல்லீரலுக்குக் காத்திருந்தால் ஸ்கோரும் ரத்த வகையும் வரிசையைத் தீர்மானிக்கும். உறவினர் ஒருவர் பகுதியைத் தந்தால் நாளை நாமே குறிக்கலாம். அதனால் அதைச் சரியான நாளாகக் குறிக்கும் பொறுப்பும் நம்மிடம் வருகிறது.

தருபவரின் ரத்த வகை, கல்லீரல் கொழுப்பு, ரத்தக்குழாய் அமைப்பு எல்லாம் பார்க்க வேண்டும். எடுக்கும் பகுதி, பெறுபவரின் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும். கொழுப்பு அதிகமிருந்தால் எடையைக் குறைத்து வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நோயாளி ஐசியூவுக்குப் போனபின் டோனரைத் தேடத் தொடங்கினால் இந்த அவகாசம் கிடைக்காது.

தருபவரைத் தனியே உட்காரவைத்துப் பேசுங்கள். ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை உயிர் இழக்கும் ஆபத்து உள்ள ஆபரேஷன் அது. மாமியாரின் முன்னால் மருமகள் “சரி” என்று சொல்வது சம்மதம் ஆகாது.

10. மறுபடி எப்போது பார்ப்பது

பட்டியலில் சேர்ந்தபின் ரத்தப் பரிசோதனை இடைவெளிக்கு ஒரு அளவு: மெல்ட் 25 அல்லது அதற்கு மேல் என்றால் வாரந்தோறும், 19-24 என்றால் மாதந்தோறும், 11-18 என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கட்டி உள்ளவருக்கு மூன்று மாதத்துக்கொரு முறை ஸ்கேன். அது வளர்கிறதா என்பதே பட்டியலில் நீடிப்பதைத் தீர்மானிக்கும்.

தேறியவரைப் பட்டியலிலிருந்து எடுக்கவும் கணக்கு உண்டு. காரணம் நீங்கி, குறைந்தது 12 மாதம் ரத்தக் கசிவு இல்லாமல், சிறுநீர் மாத்திரை இல்லாமலே நீர் கோக்காமல், லாக்டுலோஸ் (அம்மோனியாவைக் குறைக்கும் மலமிளக்கி) இல்லாமலே நினைவு தெளிவாக இருந்து, பிலிருபின், அல்புமின், ஐஎன்ஆர் மூன்றும் நிலையாக மேம்பட்டிருக்க வேண்டும். மாத்திரையின் தயவில் வயிறு வற்றியிருப்பவரை “குணமாகிவிட்டார்” என்று பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்துக்கு ஏறிக்கொண்டே போகும் மருந்து, அடங்காத பூஞ்சைத் தொற்று என்று பல உறுப்புகள் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால், பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும் ஆபரேஷனை நிறுத்திவைப்பார்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் உறுப்புகளின் பாதிப்பை மறுபடி கணக்கிட்டு, அது குறைந்து வருவது தெரிந்தால் அப்போது மேசைக்கு. அதனால் பட்டியலில் உள்ளவருக்குக் காய்ச்சல், கறுப்பு மலம், சிறுநீர் குறைவு, பகல் தூக்கம் இவற்றில் எது வந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதி நாளைக்கே இருந்தாலும், அன்றைக்கே அழையுங்கள்.